தட்டுவடை செட் கேட்ட சாக்ரடீஸ்

“இதுல எது சார் நடந்தது, எது நீங்க சேர்த்தது?” என்று டீச்சர் கேட்டார். நான் பாடம் எடுக்கிற ஒன்பதாம் வகுப்பின் தாள்களை அந்த முறை அவர்தான் திருத்தினார். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: ‘சாக்ரடீஸ் தனக்குத் தண்டனையாக ஊர்ச் செலவில் சாப்பாடு கேட்டார். தட்டுவடை செட்டும் கேட்டார்.’ தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்துத் தருகிற சேலத்துப் பலகாரம் அது. டீச்சர் மொத்தத்தையும் அடித்துப் பூஜ்யம் போட்டிருந்தார்.

“தட்டுவடையை மட்டும் அடிங்க டீச்சர். சாப்பாடு நிஜம்.”

“அது அவனுக்குத் தெரியுமா சார்?”

நிஜம்தான். கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்தில், சுமார் 500 நடுவர்களில் பெரும்பான்மையோர் தத்துவஞானி சாக்ரடீஸைக் குற்றவாளி என்று சொன்ன பிறகு, என்ன தண்டனை வேண்டும் என்று அவரும் ஒன்றை முன்மொழியலாம். ஒலிம்பிக்கில் ஜெயித்தவர்களுக்கு நகர மண்டபத்தில் இலவசச் சாப்பாடு போடுவார்கள். எனக்கும் அதுவே பொருத்தம் என்றார் மனுஷன். அப்புறம்தான் அபராதப் பேச்சு: முதலில் 1 மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பணக் கணக்கு), நண்பர்கள் ஜாமீன் நிற்க 30 மினா. குற்றவாளி என்று சொன்னவர்களைவிட மரண தண்டனைக்கு வாக்களித்தவர்கள் அதிகம் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. அந்தச் சாப்பாட்டுப் பேச்சுக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

இதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நஞ்சு குடித்தார், இறந்தார் என்று முடித்தால் பிள்ளைகளுக்கு ஒரு சிலைதான் கிடைக்கும். அதனால்தான் மைக் பிடிப்பதுபோல டஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்ட்-அப் பாணியில் சொல்கிறேன். சேலத்து ஆள் என்றால் பீட்ரூட் துருவல் தூக்கலா ஒரு செட் கேட்டிருப்பார் என்று ஒரு வரி சேர்த்தேன். வகுப்பே சிரித்தது. தறிச் சத்தத்தில் ராத்திரி தூக்கம் கெட்டு, முதல் பீரியடில் சாமி ஆடும் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதை விட்டுவிடச் சொன்னால் எனக்கு மனசு வராது.

டீச்சருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தட்டுவடை செட் சும்மான்னு தெரியும் சார். சாப்பாடும் சும்மாதான்னு நினைச்சேன்.”

“அப்புறம் எதுக்குடா எழுதின?”

“நீங்க திருத்துவீங்க, சிரிப்பீங்கன்னு எழுதினேன் சார்.”

இதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார் என்பது ஒரு காரணம். அவன் பேச்சில் இருந்த பிரியத்தை மார்க் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் நானே பிறகு கண்டுபிடித்ததாகவும் இருக்கலாம்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு ஒன்று. சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டு, காற்றில் நடக்கிற பித்தராகக் காட்டி அரிஸ்டோஃபனீஸ் என்ற நாடகாசிரியர் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார். அது கி.மு. 423இல். விசாரணை 24 ஆண்டுகள் கழித்து. இப்போது வழக்குப் போட்டவர்களைவிட, நடுவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அந்தப் பழைய அவதூறுகளுக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம் என்று சாக்ரடீஸே நீதிமன்றத்தில் சொன்னதாக அவருடைய சீடர் பிளேட்டோ எழுதியிருக்கிறார். நாடகத்தையும் குறிப்பிடுகிறார். சிரித்தவர்கள் மறந்திருக்கவில்லை. இந்தப் பகுதியை நான் வகுப்பில் சொல்வதில்லை. சிரிப்பு வராது என்பதால் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்த நாடகம் பார்த்தவர்களில் யாரும் சாக்ரடீஸை நேரில் பார்த்துக் கேட்க முடியாதவர்கள் இல்லை. அவர் சந்தையில்தான் நின்றுகொண்டிருந்தார். என் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு நான் சொல்கிற சாக்ரடீஸ்தான் சாக்ரடீஸ். இது எனக்குச் சாதகமான வாதமா, எதிரானதா என்று இன்னும் பிடிபடவில்லை.

டீச்சர் கடைசியில் அரை மார்க் போட்டார். “சாப்பாட்டுக்கு” என்றார்.

அடுத்த வாரம் டயோஜெனிஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவஞானி. மனிதன் என்பவன் இறகில்லாத இருகால் பிராணி என்று பிளேட்டோ சொல்ல, டயோஜெனிஸ் இறகு பிடுங்கிய கோழியைத் தூக்கிக்கொண்டு போய், “இதோ பிளேட்டோவின் மனிதன்” என்ற கதை. நல்ல இடத்தில் நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. முன்பெஞ்சுப் பெண் கை தூக்கினாள்.

“இது நிஜமா சார்?”

500 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது என்றேன். “அப்போ சிரிக்கலாமா?” என்றான் பின்னாலிருந்து ஒருவன். அதற்குத்தான் வகுப்பு சிரித்தது. என் டைமிங் போனது போனதுதான்.