டிரினிடாடுக்கு ஒரு மஞ்சக்கடுதாசி

டிசம்பர் 28, 2023

"விசாவே வேண்டாம்க்கா. டிக்கெட் போட்டுக் கிளம்பி வா" என்கிறான் தம்பி. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடுக்கு, செயின்ட் அகஸ்டின் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனவன், இப்போது டிரினிடாட்காரனாகவே பேசுகிறான். அவன் சொல்வது சரிதான். இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலா போனால் 90 நாள் வரை விசா கிடையாது. திரும்பி வர டிக்கெட், தங்கும் வீட்டு முகவரி, கைச்செலவுக்குக் காசு. இவ்வளவுதான் கேட்பார்களாம். பிப்ரவரி 12, 13 கார்னிவல் திருவிழா. எனக்கு அதைவிட ஸ்டீல்பேன் ஆசை. எண்ணெய் பீப்பாயைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்த வாத்தியத்தை, அது பிறந்த ஊரிலேயே கேட்க வேண்டும்.

ஜனவரி 2, 2024

விசா வேண்டாத நாடுதான். ஆனால் அங்கே போகிற வழியெல்லாம் விசா கேட்கிறது!

மயாமி வழியாகப் போனால் டிக்கெட் சல்லிசு. ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே குடிவரவு வரிசையில் நின்று உள்ளே நுழைந்தாக வேண்டும். அதற்கென்று டிரான்சிட் விசா, நேர்காணல். கார்னிவல் முடிந்து ஊரே தூங்கிய பிறகுதான் எனக்குத் தேதி கிடைக்கும். லண்டன் என்றால் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக் போக வேண்டும். ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதே நாட்டுக்குள் நுழைந்த கணக்கு, அதற்கும் விசா. பிராங்பர்ட்டில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராவிட்டாலும் இந்தியர்களுக்கு விமான நிலைய டிரான்சிட் விசா உண்டு.

கடைசியில் பெங்களூரு, ஆம்ஸ்டர்டாம், டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின். ஆம்ஸ்டர்டாமில் வெளியே வராமல் விமானம் மாறுகிற இந்தியரை ஒன்றும் கேட்பதில்லை. இலங்கை பாஸ்போர்ட் என்றால் அங்கேயும் கேட்பார்கள். பக்கத்துப் பக்கத்து நாடு என்றாலும் மரியாதை வேறு.

ஜனவரி 5

டிக்கெட் போட்டவர் சொல்லாததை மாடி வீட்டு டாக்டரம்மா சொன்னார். "போறதுக்கு ஒண்ணும் வேண்டாம். திரும்பி வர்றதுக்குத்தான் ஊசி போடணும், தெரியுமா?"

மஞ்சள் காய்ச்சல். அந்த நோய் உள்ள இடங்கள் என்று நம் அரசு போட்ட பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. பக்கத்துத் தீவு டொபேகோ இல்லை, ஒரே நாடாக இருந்தும். டிரினிடாட் காட்டில் ஊளையிடும் செங்குரங்குகள் உண்டு. கொசு கடித்து அவை கொத்துக் கொத்தாகச் செத்தால் நோய் தலைகாட்டிவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு தாராளமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கெடுபிடி. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். நேரம் இருக்கிறது.

ஜனவரி 9

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். பாஸ்போர்ட்டைக் காட்டி, 300 ரூபாய் கட்டி, காத்திருந்தேன். பல பேருக்கான மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும், அதனால் ஆள் சேர வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். தினமும் இரண்டு ஆம்லெட் என்றேன், நர்ஸ் சிரிக்கவில்லை. கையில் மஞ்சள் நிறப் புத்தகம். எங்கள் ஊரில் மஞ்சக்கடுதாசி கொடுத்தான் என்றால் திவாலானான் என்று பொருள். இது ஆயுளுக்கும் செல்லுமாம்.

ஜனவரி 30

மூட்டை கட்டியாயிற்று. வெயிலுக்கென்று வாங்கிய ராணுவப் புள்ளித் தொப்பியை வீடியோவில் பார்த்துவிட்டுத் தம்பி அலறினான். அங்கே ராணுவத்தார் தவிர யாரும் அந்த உடுப்பைப் போடக் கூடாது, சட்டப்படி குற்றம். தொப்பி பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போனது.

பிப்ரவரி 6

பியார்கோ விமான நிலையம். எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், இரண்டே கேள்வி. தம்பி முகவரியை எழுதி வைத்திருந்தது நல்லதாயிற்று. அதிகாரி அம்மாள் பாஸ்போர்ட்டைப் புரட்டி "மெட்ராஸா?" என்றார். தன் பாட்டி வீட்டை 'மதராஸி வீடு' என்றுதான் ஊரில் சொல்வார்களாம். முத்திரை குத்தும்போது என் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். வெளியே வந்ததும் தம்பி டபுள்ஸ் வாங்கித் தந்தான். 'பாரா' என்கிற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலை, மேலே புளிச்சட்னி. கை நிறைய ஒழுகியது.

பிப்ரவரி 16

தூரத்தில் நெல்சன் தீவைத் தம்பி காட்டினான். 1845இல் முதல் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை கூலி ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், கொஞ்சம் பேர் சென்னையில். 1860களிலிருந்து வந்தவர்களை முதலில் இந்தத் தீவில்தான் இறக்கினார்கள். அங்கே உடம்பைச் சோதித்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஊர், சாதி, உயரம், உடம்பிலிருக்கும் தழும்பு எல்லாம் எழுதிய சீட்டு ஒன்று ஆளுக்கு ஒன்று. ஊசிக்காக டாக்டர் வாசலில் நின்ற 20 நிமிஷத்துக்கே நான் முணுமுணுத்தேன். தம்பி ஒன்றும் சொல்லாமல் காரைக் கிளப்பினான்.

பிப்ரவரி 21

பெங்களூரு. சுகாதார மேசையில் மஞ்சள் புத்தகத்தை இரண்டு நொடி பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள். பின்னால் நின்ற பையன் பிரேசிலிலிருந்து வருகிறான், ஊசி போடவில்லை. ஓரமாக உட்காரச் சொன்னார்கள். "ஆன்ட்டி, போன் சார்ஜர் இருக்கா?" என்றான். கொடுத்துவிட்டு வந்தேன்.