மூன்றாம் ஷட்டர்

அக்டோபர் 18, 2024, வெள்ளி

கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணைக்குக் கீழே நான்கு இடங்களில் நார்க்கொத்துகளை இறக்கிவிட்டோம். தேங்காய் நாரை இரண்டு நாள் ஊறவைத்துச் சாயத்தை இறக்கி, ஒரு கை அணைக்கும் அளவுக்குக் கொத்தாகக் கட்டி, அடியில் கல்லைச் சேர்த்து, கரையில் இருக்கும் கருவேல மரத்தில் நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறோம். இரவெல்லாம் ஆற்றை எதிர்த்து ஏறும் விலாங்குக் குஞ்சு விடிந்ததும் ஒளிய இடம் தேடும், அப்போது நாருக்குள் புகுந்துகொள்ளும் என்பதுதான் இதன் கணக்கு. காலையில் கொத்தைத் தூக்கும்போது அடியில் கொசுவலையைப் பிடித்து, வெள்ளை பேசினுக்கு மேல் உதற வேண்டும்.

துணைக்கு வரும் மீனவ அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பகலானாலும் இரவானாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கக் கூடாது. கொள்ளிடத்தில் முதலை இருப்பதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் மூன்று முறை சொன்னார்.

அக்டோபர் 19

ஒன்றும் இல்லை. இறால் குஞ்சுகள் மட்டும்.

அக்டோபர் 20

அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி இரண்டு நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை இந்த மாதத் தொடக்கத்தில்தான் முடிந்தது. அதற்குள் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி ஓரிகன் மாநிலத்துக்குள் ஒரு சினூக் சால்மன் ஏறிவந்துவிட்டது. 1912-க்குப் பிறகு அங்கே அந்த மீனைக் கண்டது இதுவே முதல் முறை என்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அடைத்துக் கிடந்த வாசல் திறந்த சில வாரங்களிலேயே, யாரும் அழைக்காமல், அந்த மீன் வந்திருக்கிறது.

கீழணையை யாரும் இடிக்கப் போவதில்லை. இடிக்க வேண்டும் என்று நானும் கேட்க மாட்டேன். இங்கே தேங்கும் ஒன்பது அடித் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது, அங்கிருந்து சென்னையில் குழாயைத் திறப்பவர் வரைக்கும் போகிறது. நான் கேட்பது சில கயிறுகளுக்கான இடம். நியூசிலாந்திலும் ஐரோப்பாவிலும் தடுப்பணைகளின் மேல் முடிச்சும் இழையுமான கயிறுகளைத் தொங்கவிட்டு, அவை நனைந்தபடியே இருக்கும்படி சிறிது தண்ணீரை ஒழுகவிடுகிறார்கள். விரல் நீளக் குஞ்சு அதைப் பற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறது. நம்மிடம் நார்க்கயிறு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. அனுமதிக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 22

அப்பாவுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்காமலேயே, "ஷட்டர் எத்தனை அடி?" என்று கேட்டார். எட்டரை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்டோபர் 24

அப்பா மறுபடியும் அதையே சொன்னார். அணையின் ஷட்டர்களையும் நீர்மட்டத்தையும் கவனிக்கும் லஸ்கராக இருந்த நாட்களில், ஐப்பசி மழைக்குப் பிறகு இரவுச் சுற்று போகும்போது, மூன்றாம் ஷட்டர் ஒழுகும் இடத்தில் ஈரச் சுவரெல்லாம் நெளிவதைப் பார்த்திருக்கிறார். "அதுங்க சுவத்துல ஊறும் பாப்பா. லைட் அடிச்சா கண்ணு மட்டும்தான் தெரியும்." அது புழு என்றுதான் அவர் அப்போது நினைத்திருக்கிறார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு படத்தைக் காட்டிய பிறகுதான், அது சுமத்ராவுக்கு மேற்கே எங்கோ ஆழ்கடலில் பிறந்து வந்த விலாங்கின் குஞ்சு என்று அவருக்குத் தெரிந்தது. அன்று அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அக்டோபர் 27

ஆரல் குஞ்சு ஒன்று. மீனவ அண்ணன் விலாங்கு என்றே நினைத்து ஓடிவந்தார். முதுகில் முள் வரிசை இருப்பதைக் காட்டினேன். இருவருக்கும் ஏமாற்றம்தான்.

அக்டோபர் 31, தீபாவளி

நாளை அமாவாசை. இருட்டு இரவுகளில்தான் அவை அதிகம் நகரும் என்பதால், ஊரெல்லாம் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. அதிரசத்தை ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தார்.

நவம்பர் 1

கொத்துகள் நான்கிலும் ஒன்றும் இல்லை.

நவம்பர் 3

இன்று அப்பாவின் பழைய பாக்கெட் டைரிகளை எடுத்துப் படித்தேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் காலை ஆறு மணி நீர்மட்டத்தை அலுவலகப் பதிவேட்டில் எழுதிய பிறகு, தனக்கென்றும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். மீனைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்களில் ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஒரே வரி வருகிறது: "மூன்றாம் ஷட்டர் ஒழுக்கு. வைக்கோல், களிமண் வைத்து அடைத்தேன்." பதினேழு ஆண்டுகளில் பதினாறு முறை எண்ணினேன். ஒழுக்கை அடைப்பது அவருடைய வேலை, அதை நன்றாகச் செய்தார் என்பதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறார். சுவரில் ஊறிக்கொண்டிருந்தவற்றுக்கு அந்த ஈரம் ஒன்றுதான் ஏணி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

டைரியைப் பார்த்ததை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

நவம்பர் 5

சொல்லிவிட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. படத்தைக் காட்டிய அன்றே தெரிந்துவிட்டதாம்.

நவம்பர் 8

அனுமதிக் கடிதத்துக்குப் பதிலாகக் கேள்விக் கடிதம் வந்திருக்கிறது. கயிற்றைக் கட்டுவதால் ஷட்டரின் ரப்பர் சீலுக்குச் சேதம் வருமா, கயிற்றில் குப்பை சிக்கி அடைத்துக்கொள்ளுமா, வெள்ள நேரத்தில் கயிற்றை யார் அகற்றுவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். கயிறு ஷட்டரில் படாது, பக்கத்துத் தூணின் கைப்பிடியிலிருந்து தொங்கும், இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிடலாம் என்று படம் வரைந்து பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் மேசைகளைக் கடந்து திரும்பி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

நவம்பர் 10

இரவு தூக்கம் வராததால் உல்லத்தைப் பற்றி எழுதுகிறேன். விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது என்றால், உல்லம் கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு வந்தது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன் கொள்ளிடத்திலும் ஏறியது. 1836-ல் ஆர்தர் காட்டன் மேலே முக்கொம்பிலும் இங்கே கீழணையிலும் ஆற்றின் குறுக்கே கட்டிய பிறகு, இந்தச் சுவருக்குக் கீழே உல்லம் கூட்டம் கூட்டமாகத் திரண்டு நின்றது. வலைக்கு அது எளிதாகப் போயிற்று. 1909-ல் கொள்ளிடத்தில் அந்த மீனுக்குச் செயற்கையாகக் கருவூட்டிப் பார்க்கும் அளவுக்குக் கவலை அப்போதே வந்துவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தின் காலத்தையும் அளவையும் மாற்றிய பிறகு, கொள்ளிடத்து உல்லம் பேச்சாக மட்டும் மிஞ்சியது. கங்கையிலும் இதே கதைதான்: அலகாபாத்தையும் தாண்டி ஏறிய மீனை 1975-ல் ஃபரக்கா தடுப்பணை தடுத்து நிறுத்திவிட்டது.

என் தாத்தா உல்லம் சாப்பிட்டவர். அப்பா அதைப் பற்றிக் கேட்டவர். நான் படித்தவள். விலாங்கும் இந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது என்பது தவிர எனக்கு வேறு ஆசை இப்போது இல்லை.

நவம்பர் 13

இடம்பெயரும் நன்னீர் மீன்களின் எண்ணிக்கை 1970-க்கும் 2020-க்கும் இடையே உலக அளவில் சராசரியாக 81 சதவீதம் சரிந்திருப்பதாக இந்த ஆண்டு மே மாதம் வந்த மதிப்பீட்டை மாணவர்களுக்குச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, அதில் கொள்ளிடம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டாள். எண்ணியிருந்தால்தானே சேர்ப்பதற்கு என்றேன். பிறகுதான் அவளையும் வரச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. நாளை கேட்க வேண்டும்.

நவம்பர் 14

கேட்டேன், வருகிறாள்.

நவம்பர் 17

பேருந்தில் ஒருவர் இன்னொருவரைப் பற்றி, பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று திட்டிக்கொண்டு வந்தார். இந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூங்கில் இலை போலத் தட்டையான கண்ணாடிப் புழுவாகக் கடல் நீரோட்டத்தில் மிதந்து, கரை நெருங்கும்போது உடலைச் சுருக்கி உருளையாக்கி, உப்பு நீரிலிருந்து நன்னீருக்கு மாறி, ஏதோ ஒரு குளத்தின் அடிச்சேற்றில் பல ஆண்டுகள் வளர்ந்து, கடைசியில் ஒருநாள் இரையை நிறுத்திவிட்டுக் குடல் சுருங்கக் கண் பெருக்க, பிறந்த கடலுக்கே திரும்பிப் போய் ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகும் உயிர் அது. இவ்வளவு உறுதியான உயிரை இரட்டை வேடத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம்.

நவம்பர் 21

அப்பாவுக்கு இரவில் மூச்சு வாங்கியது. கும்பகோணத்தில்தான் இருக்கிறோம். கொத்துகளை மீனவ அண்ணனும் அந்த மாணவியும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் 23

அப்பா பரவாயில்லை. தண்ணீர் குடிக்கும் அளவைக் குறைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அடியும் கன அடியுமாகத் தண்ணீரை அளந்தவருக்கு இப்போது டம்ளரில் கோடு போட்டு அளந்து கொடுக்கிறோம்.

நவம்பர் 27

நேற்றிலிருந்து டெல்டா முழுவதும் அடைமழை. காலை ஐந்தே முக்காலுக்கு மாணவி போன் செய்தாள். குரல் நடுங்கியது. இரண்டாவது கொத்தில் இரண்டு.

ஒன்பது மணிக்கு, கீழணை இருக்கும் அணைக்கரையில் இருந்தேன். பேசினின் வெள்ளை அடியில் முதலில் எதுவும் தெரியவில்லை, நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அவை கண்கள். பிறகு உடல் புலப்பட்டது. என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குறைவான நீளம், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் கூடுதலான கனம், அடியில் எழுதியிருந்த பேசின் கம்பெனியின் பெயரை அதன் உடல் வழியாகவே படிக்க முடிந்தது. லென்ஸில் பார்த்தபோது முதுகெலும்பு முழுவதும் மெல்லிய ஏணி போல இருந்தது, தலைக்குப் பின்னால் கடுகில் பாதி அளவு சிவப்பு ஒன்று விட்டு விட்டுத் துடித்தது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கியதால், புள்ளியில்லாத குட்டைத்துடுப்பு விலாங்கு என்று குறித்தேன். நெடுந்துடுப்பு விலாங்காக இருந்தால் முதுகுத் துடுப்பு வெகு முன்னாலேயே தொடங்கியிருக்கும்.

ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே இருக்கும் கதவணையைத் தாண்டித்தான் இவை வந்திருக்கின்றன. 1836-லிருந்து கடலுக்கும் கீழணைக்கும் இடையே இதற்கு முன் இல்லாத புதிய தடை அது, அதையும் கடந்திருக்கின்றன. இங்கே சுவருக்கு அடியில் வந்து நிற்கின்றன.

இரண்டையும் அளந்து, படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே விட்டோம். அணைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும் என்று மாணவி கெஞ்சினாள். எனக்கும் கை நீண்டது. ஆனால் நாங்கள் கையால் தூக்கிவிட்டால், அவை தாமே ஏறுமா என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காமல் போய்விடும்.

சரியாகத்தான் செய்தேனா என்று இரவு பதினோரு மணிக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 28

படத்தை அப்பாவிடம் காட்டினேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். பிறகு, "ஒழுகுதா?" என்று கேட்டார். மூன்றாம் ஷட்டரைத்தான் கேட்கிறார். இல்லை, சொட்டுக்கூட இல்லை என்றேன்.

நவம்பர் 30

அமாவாசை. புயல் கரையைக் கடக்கிறது. யாரும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 3

கொத்துகளில் மூன்றைக் காணவில்லை. மரத்தில் கயிற்றுத் துண்டு மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 6

கடிதம் வந்துவிட்டது. சோதனை முறையில், ஒரே ஒரு தூணில், இரண்டு கயிறுகள், ஜனவரி இறுதி வரை. வெள்ள அறிவிப்பு வந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். மூன்றாம் ஷட்டரின் தூணையே கேட்டிருந்தேன், அதையே கொடுத்திருக்கிறார்கள்.

எந்தக் கயிறு என்று அப்பாவுடன் ஒரு மணி நேரம் விவாதித்தேன். கடையில் விற்கும் முறுக்கிய கயிறு வேண்டாம், வழுக்கிவிடும், வீட்டில் திரித்த பிசிறு நார்க்கயிறுதான் வேண்டும் என்கிறார். தானே திரித்துத் தருவதாகச் சொன்னார். ஊசி போட்ட கையால் திரிக்க வேண்டாம் என்று அம்மா கோபித்துக்கொண்டார்.

டிசம்பர் 8

முக்கால் முழம் திரித்திருக்கிறார், இடது கைக்கு வேலை கொடுக்காமல்.

டிசம்பர் 13

மறுபடியும் பெருமழை. ஷட்டர்களைத் தூக்கியிருக்கிறார்கள். திறந்த மதகுக் கண்களின் வழியே தண்ணீர் பாயும் வேகத்தில் விரல் நீளக் குஞ்சு எதிர்த்து ஏறவே முடியாது. ஆனால் தூணின் ஓரத்தில், கல் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில், ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் போகிறது. அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 18

வெள்ளம் வடிந்து ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு அப்பா திரித்த கயிற்றையும் இன்னொன்றையும் கட்டினோம். கயிற்றை நனைக்கத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்று குழாயும் வாளியுமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, மாணவி கீழே குனிந்து பார்த்து என்னைக் கூப்பிட்டாள். மூன்றாம் ஷட்டரின் இடது மூலையில் ஏதோ மரக்குச்சி சிக்கி, கதவு முழுதாக உட்காரவில்லை. சுவரில் நூல் போல ஒழுகுகிறது.

அப்பாவுக்குப் போன் செய்தேன், அம்மாதான் எடுத்தார், தூங்குகிறாராம். டார்ச் பேட்டரியை மாற்றிவிட்டேன். ஏழு மணிக்கு மீனவ அண்ணன் வந்துவிடுவார்.