பெயரில்லாத முகப்புப் பக்கம்

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் பக்கத் தலைப்புகளைச் சரிபார்ப்பது, சென்னையில் 22 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வரும் என்னை விடுமுறையிலும் விடாத பழக்கம். மாசசூசெட்சில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நூலகம் ஒன்றின் மேசையில், 1640இல் அச்சான 'பே சங்கீதப் புத்தகம்' என்ற, பைபிளின் சங்கீதங்கள் எனப்படும் துதிப்பாடல்களைக் கொண்ட ஆங்கில நூலின் நகல்பதிப்பு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு அதையேதான் செய்தேன். இடப்பக்கத் தலைப்பில் சங்கீதம் என்பதற்கான ஆங்கிலச் சொல் இன்று எழுதப்படுவதைப் போலவே இருந்தது. வலப்பக்கத் தலைப்பில் அதே சொல்லின் வாலில் ஓர் 'ஈ' கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தாளைப் புரட்டினேன்; அடுத்த இரண்டு பக்கங்களிலும் அப்படியே. அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் நிலைபெறவில்லை என்பது உண்மைதான், ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விதமாக வைப்பதை எந்தக் காலத்து மெய்ப்பாளனும் சும்மா விட்டிருக்க மாட்டான். இதற்கு அச்செழுத்துகளைக் கோத்தவர் யார் என்று முகப்புப் பக்கத்துக்குத் திரும்பினேன். ஆண்டு இருந்தது. அச்சிட்ட ஊரும் இல்லை, அச்சிட்டவர் பெயரும் இல்லை.

இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் மண்ணில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைக்கும் புத்தகங்களில் இதுவே மூத்தது. அச்சிட்ட 1,700 படிகளில் 11 மட்டுமே எஞ்சியுள்ளதாக அறியப்படுகிறது. அவற்றில் ஒன்று 2013இல் ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அவ்வளவு விலைபோன புத்தகத்தில் தொழிலாளியின் பெயர் இல்லை என்பது என் மனத்தை உறுத்தியது. எஞ்சியிருந்த நாட்களில் எங்கே போவது என்பதையும் அந்த உறுத்தலே முடிவு செய்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பு பிலடெல்பியாவுக்குப் போயிருந்தோம். மார்க்கெட் தெருவில், பெஞ்சமின் பிராங்க்ளின் வீடு இருந்த வளாகத்தில், தேசியப் பூங்காத் துறையினர் பதினெட்டாம் நூற்றாண்டு அச்சுக்கூடம் ஒன்றை அமைத்து, மர அச்சு இயந்திரத்தில் தாள் அச்சடித்துக் காட்டுகிறார்கள். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி விளக்குக் கரியைக் குழைத்த மையை, தோலுக்குள் கம்பளி அடைத்த இரண்டு பந்துகளில் தேய்த்து, எழுத்துகளின் மீது ஒருவர் தட்டித் தட்டிப் பூச வேண்டும். ஈரப்படுத்திய தாளை வைத்து, அதை உள்ளே தள்ளி, நீண்ட கைப்பிடியை மற்றொருவர் உடம்பையே சாய்த்து இழுக்க வேண்டும். தேர்ந்த இருவர் சேர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 240 தாள், அதுவும் ஒரு பக்கம் மட்டும். உலர்த்துவதற்காகக் கூரையடியில் கயிற்றில் தொங்கிய தாள்களைப் பார்த்தபோது, சிறுவயதில் எங்கள் தெரு டிரெடில் அச்சகத்தில் காய்ந்த கல்யாணப் பத்திரிகைகள் நினைவுக்கு வந்தன.

பிராங்க்ளினைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி அவரே போதிய அளவு எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் முதல் புத்தகத்தை அச்சிட்டவரே அவர்தான் என்று எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி முழங்கிக்கொண்டிருந்தார். பிராங்க்ளின் பிறந்தது 1706இல், சங்கீதப் புத்தகம் வந்து 66 ஆண்டுகளுக்குப் பிறகு. மெய்ப்புத் திருத்தும் கை துடித்தது, மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இங்கேயுமா?" என்று கேட்டதால் பேசாமல் வெளியே வந்தேன். ஒன்றை மட்டும் அவருடைய கணக்கில் எழுதியாக வேண்டும்: காகிதப் பணம் அச்சிடும் வேலை கிடைத்தபோது, கள்ள நோட்டைத் தடுப்பதற்காக, உண்மையான இலையை அச்சு வார்த்து அதன் நரம்புகளை நோட்டில் பதித்தார். செதுக்கு வேலை தெரிந்தவன் எழுத்தைப் போலிசெய்துவிடலாம். ஓர் இலையின் நரம்பு ஓட்டத்தை அப்படியே செதுக்குவது எளிதன்று.

இனி கேம்பிரிட்ஜ். பாஸ்டனிலிருந்து சிவப்புத் தடத் தொடர்வண்டியில் ஆற்றைக் கடந்தால் ஹார்வர்டு சதுக்கம். அச்சு இயந்திரம் 1638இல் இங்கு வந்து சேர்ந்த கதை துக்கத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் மதகுருவாக இருந்த ஜோஸ் குளோவர், தம் மனைவி மக்களுடனும் அச்சுச் சாமான்களுடனும் கப்பலேறினார், வழியிலேயே இறந்துபோனார். கரையிறங்கியவர்கள் அவருடைய மனைவி எலிசபெத்தும், குளோவர் கப்பல் கட்டணம் கொடுத்து ஒப்பந்தத்தில் அழைத்து வந்த ஸ்டீபன் டே என்பவரின் குடும்பமும்தான். டே பூட்டுச் செய்பவர், இரும்பு வேலைக்காரர். அவர் கையால் எழுதி எஞ்சியுள்ள கடிதங்களைப் பார்த்தால், எழுத்துக்கூட்டலில் அவருக்குப் பெரிய பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்தான் அமெரிக்காவின் முதல் அச்சகத்தை நடத்தினார். அவருடைய மகன் மாத்யூதான் எழுத்துக் கோத்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஏனென்றால் ஓர் அச்சு நூலில் பெயர் பொறிக்கப்படும் பேறு பின்னர் மாத்யூவுக்குத்தான் கிடைத்தது. தந்தையின் பெயர் எந்த முகப்புப் பக்கத்திலும் வரவேயில்லை. எலிசபெத்தோ ஹார்வர்டின் முதல் தலைவரான ஹென்றி டன்ஸ்டரை மணந்துகொண்டார். அச்சகம் அவ்வழியே கல்லூரியின் நிழலுக்குப் போனது.

அச்சு இயந்திரம் வந்து சேர்வதும் அச்சுக்காரர் வந்து சேராமல் போவதும் நமக்குப் புதிய கதையல்ல. 1711இல் இங்கிலாந்திலிருந்து தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட அச்சு இயந்திரத்துடன் கப்பலேறிய யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரர், பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடம் கப்பல் சிக்கி மீண்ட பிறகு, கடற்பயணத்திலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்தது. டேனிஷ் கம்பெனிப் படையில் அச்சுத் தொழில் அறிந்த சிப்பாய் ஒருவரைத் தேடிப் பிடித்து வேலையைத் தொடங்கினார்கள். அங்கே சிப்பாய், இங்கே பூட்டுச் செய்பவர். தரங்கம்பாடிக்கும் பாஸ்டனுக்கும் கடிதத் தொடர்பே இருந்தது என்பதைப் பாஸ்டனின் காப்ஸ் ஹில் இடுகாட்டில் காட்டன் மாதரின் கல்லறைக்கு முன் நின்றபோது மகளிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. இந்த மதகுரு தரங்கம்பாடியிலிருந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குக்குக் கடிதம் எழுதியவர். அந்தக் கடிதப் போக்குவரத்தை உள்ளடக்கிய அவருடைய சிறுநூல் 1721இல் பாஸ்டனில் அச்சானது. அப்போது சீகன்பால்கு இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹார்வர்டு வளாகத்துக்குள், மாத்யூஸ் ஹால் என்ற விடுதியின் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. பழங்குடி மாணவர்களுக்காக 1650களில் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் அங்கு நின்றது என்பதை நினைவூட்டும் பலகை அது. அந்தக் கட்டடத்தில் தங்கிப் படித்த பழங்குடி மாணவர்கள் மிகச் சிலரே. அச்சகம்தான் அதில் நெடுங்காலம் இயங்கியது. 1698இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பின்னாளில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஈய எழுத்துகள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவற்றைப் பீபாடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு நெல்மணியை விடச் சற்றே பெரிய, கறுத்துப்போன துண்டுகள். கோக்கும்போது நழுவி விழுந்த எழுத்தைக் குனிந்து எடுக்கச் சோம்பிய ஒருவரை நினைத்துக்கொண்டேன். அந்தச் சோம்பலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த எழுத்துகளால் கோக்கப்பட்ட பெரிய வேலை, அமெரிக்காவில் அச்சான முதல் முழு பைபிள். அது ஆங்கிலத்தில் இல்லை. ஜான் எலியட் என்ற மதகுரு பழங்குடியினரின் துணையோடு மாசசூசெட் மொழியில் பெயர்த்தது, 1663இல் முடிந்தது. ஐரோப்பிய மொழியில் இங்கு பைபிள் அச்சாக 1743 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வந்ததும் ஜெர்மன் மொழியில், பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில். ஆங்கில பைபிளை அச்சிடும் உரிமை இங்கிலாந்தில் அரச அனுமதி பெற்றவர்களின் பிடியில் இருந்ததால், முழு ஆங்கில பைபிள் 1782இல், விடுதலைப் போரின் கடைசிக் கட்டத்தில்தான் வெளிவந்தது. 1663ஆம் ஆண்டின் நூலில் முப்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒற்றைச் சொல் ஒன்று வருகிறது. 'அவர்முன் முழந்தாளிட்டு' என்பது அதன் பொருள். விகுதிமேல் விகுதி ஒட்டிச் சொல்லை வளர்க்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இது வியப்பன்று, ஆனால் ஆங்கிலக் கம்பாசிட்டருக்கு அது தலைவலி. 'ஓ' என்ற எழுத்து இரண்டாக ஒட்டிய தனி அச்செழுத்தும் அந்த மொழிக்குத் தேவைப்பட்டது. தனக்குப் புரியாத மொழியைக் கோக்கும் ஒருவனின் பிழைகளைத் திருத்துவதைப் போன்ற துன்பம் என் தொழிலில் வேறில்லை.

அந்தத் துன்பத்தைத் தீர்த்தவர் வோவாஸ் என்ற, நிப்மக் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர். 1659இல் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்த அவரை ஆங்கிலேயர்கள் ஜேம்ஸ் என்றழைத்தார்கள். நாளடைவில் செய்த தொழிலே குடும்பப் பெயராகி ஜேம்ஸ் பிரின்டர் ஆனார். பைபிளின் முகப்பில் சாமுவேல் கிரீன், மர்மடியூக் ஜான்சன் ஆகிய இருவரின் பெயர்கள் உள்ளன. வோவாஸின் பெயர் இல்லை. 1675இல் பழங்குடியினருக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டபோது, கிறித்தவரான பழங்குடியினரையும் நம்ப மறுத்த பாஸ்டன், அவர்களில் பலரைத் துறைமுகத் தீவு ஒன்றில் அடைத்தது. பசியிலும் குளிரிலும் பலர் இறந்தனர். ஜேம்ஸ் கைதானார், விடுவிக்கப்பட்டார், பின்னர் போரிட்ட தம் மக்களின் பக்கம் போனார், 1676இல் பொதுமன்னிப்பை ஏற்றுத் திரும்பினார். போரில் பைபிளின் படிகளும் பெருமளவு அழிந்தன. இரண்டாம் பதிப்பைத் தொடங்கிய எலியட், தாள்களைப் புரிந்து கோக்கவும் பிழை திருத்தவும் வல்லவர் அந்த ஒருவர்தான் என்ற பொருளில் லண்டனுக்கு எழுதினார். பதிப்பு 1685இல் முடிந்தது.

மறுநாள் வூஸ்டர் நகருக்குப் போனோம். அங்குள்ள அமெரிக்கத் தொல்பொருள் கழகத்தை 1812இல் நிறுவிய ஐசையா தாமஸின் கதையும் என் கேள்வியோடு ஒட்டியதே. 1750களில் பாஸ்டன் அச்சுக்காரர் ஒருவரிடம் அவரைத் தொழில் பழகச் சேர்த்தபோது அவருக்கு வயது ஆறு. எழுத்துப் பெட்டி எட்டாததால் பெஞ்சின் மீது ஏறி நின்று, சரியாக வாசிக்கவே தெரியாத நிலையில், உருவத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கதைப்பாட்டைக் கோத்து முடித்தார். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து ஆங்கிலேய ஆட்சியைத் தாக்கும் செய்தித்தாளை நடத்தினார். 1775 ஏப்ரல் 16ஆம் தேதி இரவில், போர் வெடிப்பதற்கு மூன்று நாள் முன்பு, அச்சு இயந்திரத்தைக் கழற்றி ஆற்றைக் கடத்தி, வூஸ்டருக்குக் கொண்டு வந்துவிட்டார். மே 3ஆம் தேதி லெக்சிங்டன் போர்ச் செய்தியை இங்கு அச்சிட்டார். அந்த இயந்திரம் கழகத்தின் கட்டடத்திலேயே நிற்கிறது. கட்டைகள் பருத்தவை, கைப்பிடியில் பிடித்துப் பிடித்து வழுவழுப்பேறிய இடம் தனியே தெரிகிறது. பிற்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய பதிப்பாளர்களுள் ஒருவரான தாமஸ், 1810இல் அமெரிக்க அச்சுத் தொழிலின் வரலாற்றை எழுதியபோது, சிற்றூர் அச்சுக்காரர்களையும் பெயர் சொல்லிப் பதிவுசெய்தார். ஸ்டீபன் டேயைப் பற்றி நாம் அறிந்திருப்பதற்கு அந்த நூலும் ஒரு காரணம்.

மாலையில் வீடு திரும்பும் வழியில் கிராஃப்டன் என்ற ஊரில் காரை நிறுத்தச் சொன்னேன். வோவாஸ் பிறந்த ஹாசனமெசிட் என்ற பழங்குடிச் சிற்றூர் இங்குதான் இருந்தது. அதில் மூன்றரை ஏக்கர் அளவு நிலம் இன்றும் நிப்மக் மக்களின் கையைவிட்டுப் போகாமல் இருக்கிறது. பொதுமக்கள் நினைத்தபோதெல்லாம் நுழையும் இடமன்று என்பதால் சாலையோரத்திலேயே நின்றோம். மேப்பிள் மரங்களுக்கு இடையே ஒரு பழைய மர வீடு தெரிந்தது. மகள் காரை அணைக்கவில்லை.

1709இல் பாஸ்டனில் மாசசூசெட் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு சங்கீதப் புத்தகம் அச்சானது. அதன் முகப்புப் பக்கப் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். சாலையோரத்தில் நின்று அதைப் பெரிதாக்கி மகளிடம் காட்டினேன். அடிவரியில், மாசசூசெட் மொழியில், அச்சிட்டவர்கள் இருவர் என்று இருந்தது: பி. கிரீன், ஜே. பிரின்டர்.