கத்தீட்டர் பிடிக்க விரும்பும் நரம்பியல் மருத்துவர்களுக்கு

நரம்பியலில் டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் இளம் மருத்துவர்கள் அண்மைக் காலமாக என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், இன்டர்வென்ஷன் பக்கம் போகலாமா?" கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி, உள்ளிருந்தே மூளைத் தமனிகளுக்குச் சிகிச்சை செய்யும் பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் படித்த காலத்தில் வலிப்பு நோயையோ பார்க்கின்சன் போன்ற இயக்கக் கோளாறுகளையோ தேர்ந்தெடுப்பவர்கள்தாம் மேற்படிப்பைப் பற்றிப் பேசுவார்கள், பக்கவாதம் என்பது எல்லோரும் பார்க்கும் நோய், அதற்கென்று தனிப்பயிற்சி எதற்கு என்ற எண்ணம் மூத்தவர்களிடமும் இருந்தது. அந்த எண்ணம் மறைந்துவிட்டது நல்லதே. ஆனால் அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் ஆர்வம் முழுவதும் கத்தீட்டர் மீதே குவிந்திருப்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தின் காரணங்களைத் தொலைபேசியில் அவசரமாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

மூளையின் தமனிகளை எக்ஸ்-ரே படத்தில் முதன்முதலாகக் காட்டியவர் ஒரு நரம்பியல் மருத்துவர். லிஸ்பனில் பணியாற்றிய எகாஸ் மோனிஸ், 1927-இல் கழுத்துத் தமனிக்குள் அயோடின் கலந்த கரைசலைச் செலுத்தி அதைச் செய்தார். ஆயினும் அந்த நுட்பத்தைப் பிற்காலத்தில் சிகிச்சையாக வளர்த்தெடுத்தவர்கள் பெரும்பாலும் நரம்பியல் அறுவை மருத்துவர்களும் ரேடியாலஜி மருத்துவர்களுமே ஆவர். மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ தமனிக்குள் கழற்றிவிடக்கூடிய சிறு பலூன்களைக் கொண்டு செய்த சிகிச்சைகளை 1974-இல் வெளியிட்டார்; லாஸ் ஏஞ்சலஸில் குவீதோ குல்யெல்மி, தமனி வீக்கத்தைப் பிளாட்டினச் சுருளால் நிரப்பி அடைக்கும் முறையை 1991-இல் அறிவித்தார். இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நரம்பியல் மருத்துவர் சுத்தியலும் இசைக்கவையும் ஏந்தி, பாதிப்பு மூளையின் எந்த மில்லிமீட்டரில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு, அதன்பின் செய்வதற்கு அதிகம் இல்லாதவராகப் படுக்கையருகே நின்றிருந்தார்.

அந்த நிலை 1995 டிசம்பரில் மாறத் தொடங்கியது. பக்கவாதம் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் மூளைத் தமனியை அடைக்கும் இரத்த உறைகட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் என்னும் மருந்தைக் கொடுத்தால் ஊனம் குறையும் என்று 624 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு காட்டியது. மறு ஆண்டே அங்கு அனுமதியும் கிடைத்தது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வொன்று அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. நரம்பியல் மருத்துவர் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவர வேண்டிய காலம் இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவில் பக்கவாதத்தைக் கவனிக்கும் இரத்தக்குழாய் நரம்பியல் தனி உட்பிரிவாக ஏற்கப்பட்டு, அதற்கான முதல் சான்றிதழ்த் தேர்வு 2005-இல் நடந்தது.

உறைகட்டியைக் கருவியால் வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சையின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. 2013-இல் ஒரே சமயத்தில் வெளியான மூன்று ஆய்வுகள் அதனால் கூடுதல் பயன் இல்லை என்று சொல்லிவிட்டன. அந்த ஆண்டில் இத்துறையைத் தேர்ந்தெடுக்க இருந்த எத்தனை பேர் மனம் மாறியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இரண்டே ஆண்டுகளில், 2015-இல், நெதர்லாந்தின் எம்.ஆர். கிளீன் தொடங்கி ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்து அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டன. எம்.ஆர். கிளீன் ஆய்வின் 500 நோயாளிகளில், கருவி சிகிச்சை பெற்றவர்களில் 32.6 விழுக்காட்டினர் மூன்று மாத முடிவில் பிறர் துணையின்றி வாழ்ந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 19.1 விழுக்காடே. கருவிகள் மேம்பட்டது ஒரு காரணம், ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் வடிவிலான புதிய கருவிகள் பழையவற்றைவிட உறைகட்டியை நன்றாகப் பற்றின. ஆனால் இன்னொரு காரணத்தைத்தான் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்: முந்தைய ஆய்வுகளில் பெருந்தமனி உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்று ஆஞ்சியோ ஸ்கேனில் உறுதிசெய்யாமலேயே பலர் சேர்க்கப்பட்டனர், சிகிச்சை தொடங்கவும் தாமதமாயிற்று, 2015-இன் ஆய்வுகளில் யாருக்குச் செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகத் தேர்ந்த பிறகே யாருடைய தமனிக்குள்ளும் கம்பி நுழைந்தது.

2018-இல் வெளியான டான் ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. கடைசியாக நலமாகக் காணப்பட்டு 6 முதல் 24 மணி நேரம் கடந்தவர்களில், நோயாளியின் உடலில் தெரியும் பாதிப்பு பெரிதாகவும் ஸ்கேனில் இறந்துவிட்ட மூளைப்பகுதி சிறிதாகவும் இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 13 விழுக்காட்டினரும் சுயமாக இயங்கும் நிலையை அடைந்தனர். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்பது அரிது. கைத்திறன் எல்லா ஆய்வுகளிலும் இருந்தது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது தேர்வு.

இனிப் படிப்பின் பாதைக்கு வருகிறேன். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டு, நீட் எஸ்.எஸ். தேர்வெழுதி டி.எம். நரம்பியல் மூன்று ஆண்டு; இடையில் நுழைவுத் தேர்வுகளுக்காகக் கரையும் காலத்தையும், பல மாநிலங்களில் அரசுக் கல்லூரியில் படித்ததற்காக ஆற்ற வேண்டிய ஒப்பந்தப் பணியையும் கூட்டினால் முப்பது வயது எளிதில் தாண்டிவிடும். மகன் அல்லது மகள் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாக உறவினரிடம் சொல்லிச் சொல்லிப் பெற்றோர் அலுத்துப்போகும் வயது அது. அதற்குப் பிறகே பக்கவாதத்திலோ இன்டர்வென்ஷனிலோ ஃபெலோஷிப் என்னும் தனிப்பயிற்சி.

கத்தீட்டர் சிகிச்சை நடக்கும் அறையான இதே கேத் லேபுக்குள் நுழைய வேறு இரண்டு வாசல்களும் உண்டு. ரேடியாலஜியில் எம்.டி. முடித்தவர்களுக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் நரம்புப் படிமவியலையும் இன்டர்வென்ஷனையும் சேர்த்துக் கற்பிக்கும் மூன்றாண்டு டி.எம். படிப்பு இருக்கிறது. நரம்பியல் அறுவை மருத்துவர்கள் எம்.சிஎச். என்னும் அறுவை உயர்சிறப்புப் படிப்பை முடித்து வருகிறார்கள். நரம்பியல் மருத்துவர் வரும் வாசல்தான் முறைப்படி மிகக் குறுகலானது: அவர் சேரும் ஃபெலோஷிப்கள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்டவை, கால அளவும் உள்ளடக்கமும் தரமும் இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவில் நான்காண்டு நரம்பியல் பயிற்சிக்குப் பின் ஓராண்டு இரத்தக்குழாய் நரம்பியலோ இரண்டாண்டு நரம்பியல் தீவிர சிகிச்சையோ படித்து, அதன்பின் இன்டர்வென்ஷனில் ஓரிரு ஆண்டு பயில்வது வழக்கம். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் அதன் நடு ஆண்டைத் தாண்டிக் குதிக்கவே பலர் விரும்புகிறார்கள்.

அந்த நடு ஆண்டில் அப்படி என்னதான் கற்கிறோம் என்று கேட்பவர்களுக்குப் பதில் இது. தலைச்சுற்றலோடு வந்தவரின் கண்ணசைவை வைத்து அது காது நோயா, சிறுமூளைப் பக்கவாதமா என்று பிரித்தறிவது, இரத்தச் சர்க்கரை குறைந்தோ வலிப்புக்குப் பின்னோ கைகால் செயலிழந்து வருபவரைப் பக்கவாதமென்று தவறாக எண்ணாமல் இருப்பது, சாதாரண சி.டி. ஸ்கேனில் மங்கலாகத் தெரியும் தொடக்க மாற்றங்களைப் பத்துப் புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டு, அது நம் கண்ணின் ஆசையா உண்மையா என்று தன்னையே கேட்டுக்கொள்வது. எண்பது வயதுப் பெரியவரின் குடும்பத்திடம், தமனியைத் திறந்தாலும் அவர் பழையபடி எழுந்து நடப்பார் என்பதற்கு உறுதி இல்லை என்பதைப் பதினைந்து நிமிடத்துக்குள் அவர்களுக்கு விளங்கும்படி சொல்வது. இவை எவையும் கேத் லேபில் கற்பிக்கப்படுவதில்லை. "செய்ய வேண்டாம்" என்று சொல்லும் துணிவும் இந்த ஆண்டில்தான் வருகிறது. அது வராமல் கத்தீட்டரைக் கையில் எடுப்பவரைக் கண்டு நான் அஞ்சுகிறேன்.

அடுத்த பகுதி கைத்திறன். தொடைத் தமனி வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ நுழைந்து, முதலில் நோயறியும் தமனிப் படங்களான ஆஞ்சியோகிராம்களையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வயதானவர்களின் மகாதமனி வளைவு நீண்டும் மடிந்தும் இருக்கும். அதில் கழுத்துத் தமனியைப் பிடிப்பதற்குள் பொறுமை சோதிக்கப்படும். உறைகட்டி அகற்றும் சிகிச்சை காண்பதற்கு வியப்பூட்டுவது, பேச்சிழந்து வந்தவர் மேசையிலேயே பெயர் சொல்வதை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த மயக்கத்திலிருந்து மீள்வது கடினம். ஆனால் இத்துறையின் அன்றாடப் பணி அது மட்டுமன்று. தமனி வீக்கம், தமனி–சிரைப் பின்னல், கழுத்துத் தமனிச் சுருக்கம் ஆகியவற்றோடு, மூளையுறைக்கடியில் நாள்பட்டுத் தேங்கும் இரத்தத்துக்காக உறைத்தமனியை அடைக்கும் சிகிச்சையும் 2024-இன் ஆய்வுகளுக்குப் பின் சேர்ந்திருக்கிறது. உறைகட்டி அகற்ற மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர், தமனி கிழிந்து இரத்தம் கசியும் நேரத்தில் அதை அடைக்கத் தெரியாமல் திகைப்பார்.

வேலை வாய்ப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். ஒரு சிகிச்சைக்கு வேண்டிய கருவிகளின் செலவே இலட்சங்களில் வருவதால், இன்டர்வென்ஷன் மருத்துவர்கள் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளிலேயே குவிகிறார்கள். அங்கே வருமானம் நன்றாக இருக்கும். இரவு அழைப்பு ஓயாது. இருவர் மட்டுமே உள்ள குழுவில் ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவருக்கு உறக்கமில்லை. ஈயக் கவசத்தைப் பல மணி நேரம் சுமப்பதால் முதுகுவலி வராத மூத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எண்ணிக்கையைக் காட்டச் சொல்லி நிர்வாகம் தரும் அழுத்தம் எல்லா இடங்களிலும் இல்லையென்றாலும் சில இடங்களில் உண்டு, மேலே சொன்ன அந்தத் துணிவு மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான்.

எனவேதான், கேட்பவர்களில் பாதிப் பேருக்காவது கேத் லேபுக்கு வெளியே இருக்கும் ஸ்ட்ரோக் நரம்பியலைப் பரிந்துரைக்கிறேன். ஹிமாச்சலப் பிரதேசத்தில் சிம்லா, டாண்டா மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் மருத்துவர்கள், மலை மாவட்ட மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. படங்களைக் கைபேசியில் பார்த்து, அங்குள்ள பொது மருத்துவரைக் கொண்டே உறைகட்டி கரைக்கும் ஊசியைப் போட வைத்தார்கள். 2014-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மருந்தை அரசே இலவசமாகத் தந்தது. ஆல்டிபிளேஸில் பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி மீதியை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். அதே வகை மருந்தான டெனெக்டிபிளேஸ் ஒரே ஊசியில் முடிந்துவிடும், போட்டவுடன் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பலாம். இப்படியொரு வலையமைப்பை நடத்த, மாவட்டத்துக்கு ஒருவராவது பக்கவாதத்தில் ஆழ்ந்த பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர் வேண்டும். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவர் பொறுப்புக்கு வந்தவர். அவர் பெயர் இந்திய ஆய்வு வலையமைப்போடும், வீட்டிலேயே குடும்பத்தினர் தரும் மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்த அட்டெண்ட் ஆய்வோடும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அந்த ஆய்வு எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை என்றாலும், பல இந்திய மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து பெரிய ஆய்வொன்றை நடத்தி முடிக்க முடியும் என்பதைக் காட்டிற்று.

இதற்குப் பிறகும் கத்தீட்டர்தான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். நல்ல கைகளும் நமக்குத் தேவை. சேரப்போகும் ஃபெலோஷிப்பைப் பற்றி அதன் தலைவரிடம் கேட்பதைவிடச் சென்ற ஆண்டு அங்கிருந்து வெளியேறியவரிடம் கேளுங்கள்: முதல் கையாக, அதாவது தாமே முன்னின்று, எத்தனை ஆஞ்சியோகிராம் செய்ய விட்டார்கள், ரேடியாலஜி, அறுவைப் பிரிவுகளோடு உறவு எப்படி, இறப்புகளையும் சிக்கல்களையும் மாதந்தோறும் மேசைமேல் வைத்துப் பேசுகிறார்களா, சிகிச்சை செய்யாமல் விட்ட நோயாளிகளின் பட்டியலையும் அந்தக் கூட்டத்தில் எடுக்கிறார்களா என்று.