கூரை விழாவிட்டால்தான் பயம்

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், "மேலே இடிந்து விழுந்துவிடாதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. விழும். விழவைப்பதே எங்கள் வேலையில் பாதி.

பழைய முறையில் கரி முழுவதையும் எடுக்கமாட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, நடுவில் கட்டம் கட்டமாகக் கரியையே தூணாக விட்டுவிடுவார்கள். ஆழம் கூடக்கூடப் பாரமும் கூடும், தூணும் பருக்க வேண்டும். அப்புறம் எடுப்பதைவிட விடுவதே அதிகமாகிவிடும். அதனால்தான் ஆழத்தில் லாங்வால் முறை. 200, 300 மீட்டர் நீளத்துக்கு ஒரே கரிச்சுவர். ஷியரர் என்ற இயந்திரம் பல் வைத்த உருளைகளைச் சுழற்றிக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்து சீவும். சீவிய கரி கீழே சங்கிலிக் கன்வேயரில் விழுந்து ஓடிவிடும். தலைக்கு மேல் வரிசையாக ஹைட்ராலிக் தாங்கிகள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டன் தாங்கும்.

ஷியரர் கடந்ததும் அந்தத் தாங்கி நகர்வதைப் பார்க்க வேண்டும். காலைச் சற்றே தாழ்த்தும். கூரையிலிருந்து பொடிக்கல் உதிரும். தன்னைத்தானே முன்னால் இழுத்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்து கூரையை முட்டும். அரை நிமிஷம்கூட ஆகாது. அது விட்டுவந்த இடத்தைத் தாங்க இப்போது ஒன்றுமில்லை. பாறை தானாகச் சரியும். அந்தப் பின்பக்கத்துக்கு கோஃப் என்று பெயர்.

புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு நடுங்குவார்கள். எனக்கோ சத்தம் வராவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும். மேலே கெட்டியான மணற்பாறை இருந்தால் சரியாமல் அப்படியே தொங்கும். அதன் பாரமெல்லாம் தாங்கிகள்மேல் வந்து உட்காரும். தொங்கினது மொத்தமாக விழும்போது கோஃபிலிருந்த காற்று பிதுங்கி, ஆட்கள் நிற்கிற பக்கம் பாயும். ஆளையே தூக்கி எறிகிற காற்று. கூடவே அங்கே தேங்கிய மீத்தேனும் வரும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அதனால் விழ மறுக்கிற கூரையைத் துளைபோட்டு, வெடிவைத்தோ உயர் அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தியோ விரிசலாக்கி விழவைப்பார்கள்.

வாயுவைவிட மோசம் கரித்தூள். 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தார்கள். வெடிப்பைப் பாதை பாதையாகக் கொண்டுபோனது தூள்தான். இதற்காகவே சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவுகிறோம். வெடி அதிர்ச்சியில் கரித்தூளோடு அதுவும் கிளம்பி, சூட்டை உறிஞ்சி, தீ பரவாமல் தடுக்கும். கரிச் சுரங்கம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, கோஃப் விழுந்ததோடு முடிந்ததா? இல்லை. அந்தச் சரிவு அடுக்கடுக்காக மேலேறித் தரைவரை வரும். எடுத்த கரி அடுக்கின் தடிமனில் பாதிக்கு மேல்கூட நிலம் இறங்கலாம். வயலில் தண்ணீர் தேங்கும், சுவர் விரியும். டன்னுக்கு ஆகும் செலவை மட்டும் போட்டுவிட்டு இதை அடிக்குறிப்பில் தள்ளுகிற திட்ட அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.