மோட்டாரைப் போட்டது யார்? மாணவர் த்ரில்லருக்கு ஷூட்டிங்குக்கு முந்தைய வேலைகள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் கடைசி வருடப் படம் என்றதும் த்ரில்லர் பக்கம் ஓடுகிறவர்கள் அதிகம். ஒரு வீடு, ஓர் இரவு, இரண்டு மூன்று பேர் போதும். பாட்டு வேண்டாம், கூட்டம் வேண்டாம். செலவைப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் மற்ற வகைப் படங்களில் ஷூட்டிங் ஸ்பாட்டில் சமாளித்துவிடக்கூடிய ஓட்டைகள் இதில் எடிட்டிங் மேசையில்தான் தெரியவரும். அப்போது வீட்டுச் சாவியும் கையில் இருக்காது, நடிகரும் முடி வெட்டியிருப்பார்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் ஒரு கதையை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மாடி வீடு. மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கும் பெண். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம், பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவர்கள் ஹாலுக்குள் இருக்கிறது. இரவு பத்தரைக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. பன்னிரண்டு நிமிடப் படம், மூன்று நடிகர்கள், மூன்று நாள் ஷூட்டிங்.

திரைக்கதையைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் போடுவது ஓர் அட்டவணை. சீன் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: அவளுக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும், கீழே பூட்டிய வீட்டுக்குள் புகுந்திருப்பவனுக்கு என்ன தெரியும். சீன் 2இல் மோட்டார் ஓடுகிறது. ஓனர் திரும்பி வந்துவிட்டார் என்று அவள் நினைக்கிறாள். ஆனால் அதற்கு முந்தைய ஷாட்டிலேயே வாசல் கிரில்லில் பூட்டு தொங்குவதைப் பார்ப்பவர் பார்த்துவிட்டார். சீன் 3இல் பால்கனியில் நின்று ஓனருக்கு போன் போடுகிறாள். "நாங்க இன்னும் திண்டிவனத்துலதாம்மா இருக்கோம்" என்கிறார். சீன் 4இல் மோட்டார் நிற்கிறது. அவள் பேசியது கீழே கேட்டிருக்கிறது.

இந்த அட்டவணையை வைத்து மூன்று சோதனைகள். அடுத்தடுத்த இரண்டு வரிசையில் எந்தக் கட்டமும் மாறவில்லை என்றால் அந்த சீன் சும்மா நிற்கிறது, தூக்கிவிடலாம். மூன்று கட்டமும் ஒன்றாகிவிட்டால் பதற்றம் அங்கே முடிகிறது. அது கடைசி இரண்டு நிமிடத்துக்குள்தான் வர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு கட்டம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், எது அதை மாற்றியது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பூட்டு என்றால் படம், மோட்டார் நிற்பது என்றால் சத்தம், திண்டிவனம் என்றால் வசனம். வசனம் என்ற சொல் தொடர்ந்து மூன்று முறை வந்தால் அது ரேடியோ நாடகமாகிக்கொண்டிருக்கிறது. இப்படிக் குறித்தவை பன்னிரண்டு நிமிடத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை வரும். இவற்றுக்கு நட்சத்திரம் போட்டு வையுங்கள். பின்னால் ஷாட் பிரிப்பது, சத்தம் சேர்ப்பது, எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வது எல்லாம் இவற்றை வைத்துத்தான்.

எழுதி முடித்த ஸ்கிரிப்ட் எத்தனை நிமிடம் வரும்? ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று வகுப்பில் சொல்லும் கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு உரியது. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. த்ரில்லருக்கோ சுத்தமாகவே ஆகாது. "அவள் படியிறங்குகிறாள்" என்ற ஒரே வரி திரையில் நாற்பது வினாடி ஓடலாம். ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அந்த வேகத்தில் நடந்து பார்க்க, மூன்றாமவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். பன்னிரண்டு என்று நினைத்தது பதினேழில் வந்து நிற்கும். வெட்டுவதை இப்போதே வெட்டினால் ஒரு நாள் வாடகை மிச்சம்.

அடுத்து வீடு. எந்த நேரத்தில் ஷூட்டிங்கோ அந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். காலை பதினோரு மணிக்கு அமைதியாக இருந்த தெருவில் இரவு ஒன்பதுக்கு நாய்கள் கச்சேரி வைக்கும். அடுத்த வீட்டு சீரியல் சத்தம் சுவரைத் தாண்டி வரும். ஹாலில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள். மார்கழி முடியும்வரை விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் உண்டு என்பதால் இந்தக் கதைக்கு ஜனவரி பிற்பாதிதான் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வராது என்று நம்பி மொட்டை மாடி சீன் வைக்கக் கூடாது.

கூடவே அளக்கும் டேப்பும் எடுத்துப் போங்கள். மாணவர்கள் கையில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி சென்ஸார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது) கேமராவும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் இருக்கும். அந்த லென்ஸில் ஓர் ஆளை இடுப்புக்கு மேல் ஃப்ரேமில் கொண்டுவர ஏறத்தாழ பதினோரு அடி தள்ளி நிற்க வேண்டும். பெட்ரூமோ பத்துக்குப் பத்து. சுவரில் நிழல் ஒட்டாமலிருக்க நடிகர் இரண்டடி முன்னால் நிற்கிறார், ட்ரைபாடும் கேமராமேனும் இரண்டடி பிடிக்கிறார்கள்; மிஞ்சுவது ஆறடி. அந்த ஆறடியில் மிட் ஷாட் வைக்க 24 மில்லிமீட்டர்தான் சரிவரும். லென்ஸ் வாடகைப் பட்டியலை வடபழனி, சாலிகிராமம் பக்கம் விசாரிப்பதற்கு முன்னால் இந்த அளவுகள் கையில் இருக்க வேண்டும்.

சுவிட்ச் போர்டுகளையும் எண்ணுங்கள். சாதாரண 5 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 230 வோல்ட் கணக்கில் 1,150 வாட். ஆயிரம் வாட் பழைய டங்ஸ்டன் லைட் ஒன்றைச் செருகினால் அதே லைனில் வேறெதுவும் போடக் கூடாது. ஹீட்டர், ஏசிக்கான பெரிய பாயின்ட் எங்கே என்று குறித்து, அங்கிருந்து ஒயர் எத்தனை அடி வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிய சுருளாகவே வைத்து லோடு கொடுத்தால் சூடேறி உருகும். முழுக்கப் பிரித்துத்தான் போட வேண்டும். எல்ஈடி என்றால் பாரம் குறைவு, ஆனால் மலிவான பல்புகள் கேமராவில் துடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. மொபைலில் எடுப்பவர்கள் ஆட்டோவிலேயே 30 ஃப்ரேமில் விட்டுவிட்டு, சுவரில் பட்டை பட்டையாக ஓடுகிறதே என்று குழம்புவது இதனால்தான். ஃப்ரேமில் வரப்போகும் வீட்டு டியூப்லைட், ஜீரோ வாட் பல்பு, போன் ஸ்கிரீன் எல்லாவற்றையும் அதே கேமராவில் முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள்.

டெஸ்ட் ஷூட்டில் இன்னொன்றும் தெரிந்துவிடும். இருட்டு வேண்டுமென்று வெளிச்சத்தை மிகவும் குறைத்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் லேப்டாப்பில் மிரட்டலாக இருக்கும்; யூட்யூபில் ஏற்றியதும் கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். முகத்துக்குப் போதுமான வெளிச்சம் கொடுத்து எடுத்து, பின்னால் நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும் கிரேடிங்கில் இறக்குவது பாதுகாப்பு. எந்த முகத்தை எடுக்கப்போகிறோமோ அதே நடிகரை உட்காரவைத்து டெஸ்ட் எடுக்க வேண்டும். நண்பனின் நிறத்துக்கு வைத்த வெளிச்சம் ஹீரோயினுக்குப் பொருந்தாது.

வீட்டுக்குள் வரும் இரவு சீன்களைப் பகலிலேயே முடிக்கலாம். ஜன்னலுக்கு வெளிப்புறம் கறுப்புத் துணி கட்டுங்கள். கண்ணாடியை ஒட்டிக் கட்டாமல் இரண்டடி தள்ளிக் கட்டினால் நடுவில் ஒரு சின்ன லைட்டை வைத்துத் தெருவிளக்கு ஆக்கலாம். ஆனால் துணி கட்டிய அறையில் காற்று வராது, சத்தத்துக்காக ஃபேனையும் நிறுத்தியிருப்பீர்கள்; ஏப்ரல், மே மாதத்தில் பதினைந்து நிமிடத்தில் மேக்கப் வழியும். ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கதையிலும் பதில் வேண்டும். கரண்ட் கட் என்று எழுதித் தப்பிப்பது வழக்கம். நம் கதையில் அது முடியாது, மோட்டார் ஓடுகிறதே. இங்கேயும் ஜனவரிதான் கை கொடுக்கிறது. போர்வையைப் போர்த்தி உட்காரவைத்தால் ஃபேனை யாரும் தேட மாட்டார்கள்.

சத்தத்தை எடிட்டருக்குத் தள்ளிவிடும் வேலையாக நினைக்கிறவர்கள் த்ரில்லர் எடுக்காமலிருப்பது நல்லது. அட்டவணையில் சத்தம் என்று குறித்த இடங்களைத் தனிப் பட்டியலாக எடுங்கள்: மோட்டார் கிளம்பும் முதல் உறுமல், சீரான ஓட்டம், நிற்கும்போது இழுத்து அடங்குவது, டேங்க் நிரம்பி வழிவது, கிரில் தாழ்ப்பாள், ரப்பர் செருப்பு படியில் படுவது. இவற்றை வசனத்தோடு சேர்த்து எடுக்கவே கூடாது. நிஜ மோட்டாரை ஓடவிட்டுப் பேசவைத்தால் ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் உறுமல் துண்டு துண்டாகக் குதிக்கும். வசனம் அமைதியில், மோட்டார் தனியாக, பக்கத்திலிருந்தும் மாடியிலிருந்தும் இரண்டு தூரத்தில், தலா மூன்று நிமிடம். நடிகைக்கு அது ஆரம்பிக்கும் கணம் தெரிய வேண்டுமே. அசிஸ்டென்ட் டைரக்டர் ஃப்ரேமுக்கு வெளியே கையை இறக்கிக் காட்டட்டும். ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நிற்க ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தம் எடுப்பதையும் ஷாட் பட்டியலிலேயே எண் கொடுத்து எழுதுங்கள். எழுதாவிட்டால் "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லியே ஷூட்டிங் முடிந்து எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ரெக்கார்டரில் பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். மொசைக் தரை எதிரொலிக்கும். வீட்டிலிருந்து நான்கைந்து கனமான போர்வை கொண்டுபோய்த் தரையிலும் கேமராவுக்குப் பின்பக்கச் சுவரிலும் போட்டால் பாதி அடங்கும். கஞ்சி போட்ட காட்டன் துப்பட்டாவில் காலர் மைக் வைத்தால் வசனத்தைவிடத் துணிதான் அதிகம் பேசும். ரிகர்சலிலேயே பார்த்துவிடலாம்.

ஷாட் டிவிஷனில் கணக்கு இப்படி வரும்: சராசரியாக ஒரு ஷாட் ஆறு வினாடி என்றால் பன்னிரண்டு நிமிடத்துக்கு 120 ஷாட். எல்லாவற்றுக்கும் தனித்தனியாக லைட் மாற்ற வேண்டாம். ஒரே பொசிஷனில் எடுக்கக்கூடியவற்றைச் சேர்த்தால் ஐம்பது, ஐம்பத்தைந்து செட்டப். மாணவர் யூனிட் ஒன்று ஒரு நாளில் நிதானமாக முடிப்பது பதினைந்திலிருந்து இருபது. மூன்று நாள் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. வீட்டின் வரைபடத்தில் ஒவ்வொரு செட்டப்புக்கும் கேமரா எங்கே, ஆள் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று அம்புக்குறி போட்டுவிடுங்கள். மாடியிலிருந்து அவள் இடப்பக்கம் பார்த்தால், கீழே இருப்பவனை எடுக்கும்போது அவன் வலப்பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நாளில் எடுப்பதால் நினைவை நம்ப முடியாது.

க்ளோசப் இன்சர்ட்களை, அதாவது சுவிட்ச், பூட்டு, சாவி, போன் இவற்றைக் கடைசி நாள் மதியம் ஒன்றாக எடுக்கலாம், நடிகை தேவையில்லை. யாருடைய கை என்றாலும் மோதிரம், மணிக்கட்டுக் கயிறு, நகப்பூச்சு ஒத்துப்போக வேண்டும். அதற்காக ஷூட்டிங்கின் முதல் நாளிலேயே போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீரில் நனையும் சீன் இருந்தால் அதே குர்த்தி மூன்று வேண்டும். ஒரே நாளில் வாங்குங்கள், அடுத்த வாரம் அந்த டிசைன் கடையில் இருக்காது. கத்தி இரண்டு: க்ளோசப்புக்கு நிஜம், கைகலப்புக்கு முனை மழுங்கடித்தது.

அனுமதி விஷயத்தில் சுருக்கம் இதுதான்: துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம், பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல். ரயில் நிலையம், மெட்ரோ, ட்ரோன் என்று ஸ்கிரிப்டில் இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு யோசிப்பது விரைவு. அக்கம்பக்கத்தில் நேரில் போய், "அக்கா, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொண்ணு கத்துற சத்தம் கேக்கும், ஷூட்டிங்தான், பயந்துடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது 100க்கு அடிப்பார்கள், அடிப்பதுதான் சரியும்கூட.

மெமரி கார்டையும் கணக்குப் போட்டே வாங்கலாம். விநாடிக்கு 100 மெகாபிட் பதிவில் ஒரு மணி நேரம் 45 ஜிபி. படத்தின் நீளத்தைப் போல எட்டு மடங்கு எடுத்தால் 96 நிமிடம், 72 ஜிபி. ஒரே 128 ஜிபி கார்டில் மூன்று நாளும் அடங்கும் என்பதற்காக அதையே மூன்று நாளும் சுமக்காதீர்கள். நாளுக்கு ஒரு 64 ஜிபி கார்டு, இரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி.

ஸ்கெட்யூலில் நட்சத்திர ஷாட்கள் அந்தந்த நாளின் முதல் பாதியில் வரட்டும். அப்போதுதான் சாயங்காலம் நேரம் போதாமல் எதை விட்டாலும் கதை உடையாது. கத்தும் சீன் அந்த நாளின் கடைசியில், ஏனென்றால் அதற்குப் பிறகு குரல் போய்விடும். பால்கனியில் நீல வானம் வேண்டுமென்றால் ஜனவரியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கியபின் சுமார் இருபது நிமிடம்தான் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு ஷாட், அதிகம் போனால் இரண்டு. பட்ஜெட்டில் முதல் வரி சாப்பாடு. பட்டினி யூனிட்டை வைத்து ராத்திரி பதினொன்றுக்கு ஃபோகஸ் சரியாகப் பிடிக்க முடியாது.

யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லும் கால் ஷீட்டை அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு வேலை. அதே வீட்டில், நடிகர்கள் இல்லாமல், நண்பர்களை நிறுத்தி ஒவ்வொரு ஷாட்டையும் போனில் ஸ்டில்லாக எடுங்கள். ஸ்டாப்வாட்சில் வந்த நீளத்துக்கு அடுக்கி, வசனத்தையும் மோட்டார் சத்தத்தையும் தோராயமாகச் சேர்த்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நிறுத்தி "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டு, பதிலை அட்டவணையின் நடுக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். விளக்கம் சொல்லக் கூடாது, தலையாட்டவும் கூடாது. சீன் 4இல் மோட்டார் ஏன் நின்றது என்று கேட்டு, "கரண்ட் போயிருக்கும்" என்று பதில் வந்தால், அந்த ஷாட்டில் எரியும் விளக்கு எதுவும் ஃப்ரேமில் இல்லை என்று அர்த்தம். கேமராவை ஓரடி நகர்த்தி பால்கனி பல்பை உள்ளே கொண்டுவாருங்கள். வரைபடத்தில் அம்புக்குறியைத் திருத்தி, லைட் பட்டியலில் அந்த பல்பைச் சேர்த்த பிறகு கால் ஷீட் போகட்டும்.