பெருவிளையில் ஒரு வேப்பமரம்

"என்னைக் கட்டிப்போட்டதுபோல இருக்கிறது, அக்கா." தொலைபேசியில் இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கி ஆண்டுகள் சில ஆகின்றன. ஒரு மணி நேரத்தில் இருபது முறையாவது "அப்பா வந்துவிட்டாரா?" என்று கேட்பாள். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆரம்பத்தில் பொறுமையாகச் சொன்னேன். பிறகு சலிப்போடு. பிறகு கத்தினேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தால், அதன் ஐந்து பகுதிகளான தேவ இரகசியங்களில் இரண்டாவதைத் தாண்டியதில்லை. கடவுள் எங்கோ ஓசையற்ற ஓர் இடத்தில் இருக்கிறார், அங்கே போய்ச் சேரத்தான் எனக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இரண்டு நாள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

வேளாங்கண்ணிக்குப் போய்வா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு என்னவோ புனித தேவசகாயத்தைத் தேடிப் போக வேண்டும்போல இருந்தது. அவர் குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்தி, அரண்மனை வேலைக்குப் போய்வந்த மனிதர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை அம்மாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்துதான் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மாவுக்கு இப்போது அது நினைவில்லை.

முதலில் புலியூர்க்குறிச்சிக்குப் போனேன். தக்கலைக்குப் போகும் சாலையிலேயே உதயகிரிக் கோட்டை இருக்கிறது. உள்ளே மரங்களுக்கு நடுவே கூரை இல்லாத ஒரு சிற்றாலயம். அதற்குள் டி லனாயின் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி, பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கியவர். கல்லில் இலத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறார்கள். பின்னாளில் தேவசகாயம் ஆன, நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளைக்கு இவர்தான் நண்பர். சொத்தும் கால்நடைகளும் கைவிட்டுப் போய் நீலகண்டர் மனம் ஒடிந்திருந்த நாள்களில், டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னாராம். "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்ற அந்த வரியை நானும் எத்தனையோ அடக்கத் திருப்பலிகளில் கேட்டிருக்கிறேன். மாடு செத்துப்போன கவலையில் இருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு வீட்டுக் கவலை.

அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. கைதியாகக் கொண்டுபோகப்பட்ட தேவசகாயம் தாகத்தால் துவண்டு முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. பாறையில் சிறு குழி, அதில் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மனம் அப்போதும் அம்மாவின் மாத்திரைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து பெருவிளை. பயணத் திட்டத்தில் அது இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டிதான் சொன்னார். "தேவசகாயம் இறந்த மலைக்கு எல்லோரும் போவார்கள். அவரைக் கட்டிவைத்த ஊருக்கும் போ, மகளே" என்றார்.

கட்டிவைத்த ஊர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது.

கிறிஸ்தவராக மாறிய தேவசகாயத்தை 1749-இல் மன்னரின் ஆட்கள் பிடித்தார்கள். எருமைமேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். மறையுரைகளில் நாம் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிட்டு அந்த மூன்று ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். அது தவறு என்றே இப்போது நினைக்கிறேன். அந்தக் காலத்தில் பல மாதங்கள் அவர் பெருவிளையில் ஒரு வேப்பமரத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார். வெயில், மழை, பனி எல்லாம் அந்த ஒரே மரத்தடியில். நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. விடிந்தால் அதே மரம், அதே சங்கிலி. அப்படியிருந்தவரைத் தேடி மக்கள் வந்திருக்கிறார்கள். ஜெபிக்கச் சொல்லியும் ஆறுதல் கேட்டும் வந்திருக்கிறார்கள். நோயாளிகள் அந்த மரத்தின் இலையை வாங்கிப் போனதாகவும் சொல்கிறார்கள். நகர முடியாத மனிதரிடம் நடக்க முடிந்தவர்கள் அமைதி தேடி வந்தார்கள்!

ஊருக்குள் ஒரு நிழலில் உட்கார்ந்து அழுதேன். எதற்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் கத்தியதற்காகவும் இருக்கலாம். "ஆண்டவரே, அவரை நீர் அந்த மரத்திலிருந்து அவிழ்த்துவிடவில்லை. ஆனால் விட்டுப் போகவும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். நீண்ட நாள்களுக்குப் பிறகு நான் முழுதாகச் சொல்லி முடித்த ஜெபம் அது.

சாயங்காலம், காற்றாடிமலை இருக்கும் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போவதுபோல அடித்தது. தொலைவில் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. மலையில் அவர் கடைசியாக முழந்தாளிட்ட இடத்தைக் காட்டுகிறார்கள். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல ஒலிக்கிறது. குழந்தைகள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற நேரமாக இருந்தால் அந்தச் சத்தம் ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று முகம் சுளித்திருப்பேன். அன்று அந்த ஒலிக்குள்ளேயே உட்கார்ந்து ஐந்து தேவ இரகசியங்களையும் முடித்தேன்.

மறுநாள் காலை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் திருப்பலி. அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் அது. கல்லறை அருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஊருக்கு பஸ் பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது இரவு எட்டு மணி. அக்காவின் முகத்தில் இரண்டு நாளின் களைப்பு தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் இருந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்பா வந்துவிட்டாரா?"

பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவருக்காக ஒரு ஜெபம் சொல்வோமா, அம்மா?" என்றேன். கோட்டாற்றில் வாங்கிய ஜெபமாலையை அவள் விரல்களில் வைத்தேன்.

அம்மா மணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் சிறுவயதில் கற்ற பழைய ஜெபத்தில், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கினாள். என் பெயரை மறந்துவிட்டவள், கடைசி ஆமென் வரை ஒரு சொல்கூடத் தவறவில்லை. சமையலறை வாசலில் அக்கா அசையாமல் நின்றாள்.

சற்று நேரம் அறை அமைதியாக இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வந்துவிட்டாரா?"

அடுத்த மணிக்கு அவள் விரலை நகர்த்திவைத்தேன்.